இரண்டு பேர் பார்த்தால் பாஸ்

பாப்பா, தம்பி, இது உங்கள் இரண்டு பேருக்கும். அப்பா பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

தம்பி போன வாரம் பள்ளிக்கூடத்துக்கு எழுதிய கட்டுரையைப் படித்தேன். ஜவ்வாது மலையில் தீ வந்தபோது என் அப்பா அக்காவையும் பாய் மாமாவையும் பாறைமேல் ஏற்றிக் காப்பாற்றினார் என்று எழுதியிருந்தாய். டீச்சர் சிவப்பு மையில் 'அருமை' என்று போட்டிருந்தார். அதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கதையை உனக்குச் சொன்னது நான்தான். வீட்டுக்கு வருகிறவர்களிடமும் அப்படியேதான் சொல்லி வந்தேன். நான் ஆரம்பித்தால் பாப்பா எழுந்து தண்ணீர் எடுக்கப் போய்விடுவாள். ஏன் போகிறாள் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. அவளும் என்னைக் காட்டிக்கொடுத்ததில்லை.

நானே சொல்லிவிடுகிறேன். அந்தப் பாறையிலிருந்து எல்லாரையும் கீழே இறக்கி, தீ இருந்த பக்கமாகவே கூட்டிப்போகப் பார்த்தவன் நான்.

நான் எதற்கு மலைக்குப் போக ஆரம்பித்தேன் என்று உங்கள் அம்மா இன்றைக்கும் கேட்கிறாள். எங்கள் கம்பெனியில் வெளிநாட்டுக்காரர்கள் மலையேறும்போது போடுகிற ஷூ செய்கிறோம். நான் சோல் ஒட்டும் செக்ஷன். ஷிப்மென்ட் நெருங்கிவிட்டால் எங்களையும் பேக்கிங்குக்கு இழுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு அட்டையை வைத்து மூட வேண்டும். அட்டையில் மலைப்படம், மலைமேல் வளைந்து வளைந்து ஒரு கோடு. அந்தக் கோட்டோடு ஜனங்கள் மூட்டையை முதுகில் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் நடக்கிறார்களாம். எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே படுக்கலாம் என்று அந்தக் கோட்டிலேயே சின்னச் சின்னப் படம் போட்டிருக்கும். பக்கத்தில் நின்று டப்பா மூடிய பாய்தான் முதலில் சொன்னார்.

"மாசக்கணக்குல நடக்குற பாதைய நம்ம கையால உள்ள வெச்சு மூடறோம்பா. நம்ம கால் இன்னும் ஆம்பூர் பஸ் ஸ்டாண்ட தாண்டல."

பாயை உங்களுக்குத் தெரியும். பதினெட்டு வருஷமாக எனக்கு அடுத்த மேஜை. நான் பிரஷ்ஷால் பசை தடவினால் அவர் சோலை வைத்து அழுத்துவார். அன்றைக்கு அவர் சொன்னது எனக்குள் உட்கார்ந்துவிட்டது. நம் ஊரைச் சுற்றி மலை இல்லாமலா இருக்கிறது? முதலில் ஏலகிரிக்கு, பஸ் போகிற ரோட்டை விட்டுப் பழைய ஒற்றையடிப் பாதையில் ஏறினோம். அரை நாளில் முடிந்துவிட்டது. அடுத்து பர்வதமலை. அங்கே கால் பலத்தைவிடக் கைப்பிடி பலம்தான் ஜாஸ்தி வேண்டும். இரண்டிலும் ராத்திரி வீடு திரும்பிவிட்டோம். அட்டையில் இருக்கிற மாதிரி மேலேயே படுத்து எழுந்து நடக்க வேண்டும் என்றால் ஜவ்வாது மலைதான் என்று பாய் சொன்னார். மலைஜனங்கள் கீழே சந்தைக்கு இறங்குகிற பாதையில் ஏறி, மேலே ஓர் ஊரில் தங்கி, மறுநாள் மலைமுதுகோடு நடந்து, அந்தப் பக்கம் இறங்கி ஆலங்காயம் பஸ்ஸைப் பிடிப்பது. இரண்டு நாள் நடை. மாசி பிறந்துவிட்டால் காய்ந்த காடு, போகக்கூடாது என்பதால் தை மாதக் கடைசியில் கிளம்பினோம். வனத்துறை ஆபீஸில் கேட்டதற்கு, ஊர்ப்பாதையை விட்டு விலகாமல் போங்கள் என்றார்கள்.

பாப்பாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. நானும் வருவேன் என்று அடம்பிடித்தாள். தம்பிக்கு ஜுரம், அம்மா உன்னோடு இருந்துவிட்டாள். பாப்பாவின் ஸ்கூல் பையில் புத்தகத்தைக் கொட்டிவிட்டு புளிச்சோறும், போர்வையும், ஒரு விசிலும் வைத்துக் கட்டினேன்.

இங்கே எங்கள் மூக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் செக்ஷனுக்குப் புதிதாக வருகிறவன் பசை நெடியில் முதல் வாரம் வாந்தி எடுப்பான். தலைவலி என்பான். நாங்கள் சிரிப்போம். "ஒரு மாசம் போவட்டும், மூக்கு செத்துடும். அப்புறம் நீ நம்ம ஆளு" என்போம். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். வெளியூர்க்காரர்கள் பஸ்ஸில் தோல் பதனிடுகிற ஷாப்பைத் தாண்டும்போது கர்ச்சீப்பை எடுத்தால் நமக்குள் ஒரு கெத்து வரும், 'நமக்குத் தெரியலையே' என்று. மாஸ்க் கொடுத்திருந்தார்கள். அதைத் தாடையில் மாட்டிக்கொண்டு, ஆபீசர் வரும்போது மட்டும் மேலே இழுத்துக்கொள்வோம். மூக்கு பழகிவிட்டது என்றுதான் நினைத்தேன். பழகுவது வேறு, போய்விடுவது வேறு என்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது மாஸ்க்கைத் தாடையில் மாட்டுவதில்லை. ஆனால் அது பிறகு வந்த புத்தி.

முதல் நாள் நடை நன்றாகவே போனது. சாயங்காலம் மலைமேல் ஓர் அம்மா வீட்டில் தங்கினோம். என் வயதுதான் இருக்கும். சாமைச் சோறு போட்டார். படுக்கக் கொடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஆட்டுப்பட்டி. பாப்பா போர்வையை மூக்குவரைக்கும் இழுத்துக்கொண்டு புரண்டாள்.

"அப்பா, கிடா நாத்தம் கொடல பெரட்டுதுப்பா."

அந்த அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. "உங்க ஊருப் பக்கம் வந்தா நாங்க மூக்கப் பொத்துவோம். இன்னிக்கி எங்க கிடாவுக்கு நீ பொத்துற. சரியாப் போச்சு போ."

பாய் படுத்தபடியே கேட்டார். "இன்னா நாத்தம்? எனக்கு ஒண்ணும் தெரியலியே."

"சோல் ஒட்றவனுக்கு கிடா ஒரு பெருசா பாய்?" என்றேன் நான். நாங்கள் இருவரும் நிம்மதியாகத் தூங்கினோம்.

காலையில் கிளம்பும்போது அந்த அம்மா பாதி வழிவரை வந்து பாதை காட்டினார். மலைமுதுகோடு போனால் ஒரு பெரிய மொட்டைப் பாறை வரும், அதற்கு அந்தப் பக்கம் பாதை ஓடைக்குள் இறங்கும், இறங்கினால் ஒரு மணி நேரத்தில் ரோடு என்றார். பிறகு பாப்பாவின் பையைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"ஓடைக்கு ரெண்டு பக்கமும் போத்தப்புல்லு, ஆள் ஒயரம். காஞ்சு கெடக்குது. வளைவுல பொகை கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத்தான் மொதல்ல தெரியும். கருகல் வாசம் வந்துச்சுன்னா எறங்காதீங்க. பாறையிலயே நின்னுடுங்க. தீ மேலதான் ஏறும், மனுசன விட வேகமா ஏறும்."

நான் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினேன்.

மொட்டைப் பாறைக்கு வந்து சேர்ந்தபோது பதினொரு மணி. நம் தெருவை அப்படியே தூக்கி வைத்தாலும் இடம் மிஞ்சும், அவ்வளவு பெரிய பாறை. தூரத்தில் எல்லாம் மங்கலாக இருந்தது. தை மாதத்து மூட்டம் என்று நினைத்தேன். கீழிருந்து காற்று முகத்தில் அடித்தது. ஒன்றரைக்கு பஸ், அதை விட்டால் சாயங்காலம்தான். உட்காரக்கூட விடாமல் நான் இறங்குகிற பாதையில் கால் வைத்தேன்.

"அப்பா, இன்னாமோ கருகுற நாத்தம் வருது."

"ஒண்ணும் இல்ல, நட."

"இல்லப்பா, நல்லா வருது. புல்லு கருகுற மாதிரி."

நான் நின்று மூச்சை இழுத்தேன். காற்று சில்லென்று உள்ளே போய் வெளியே வந்தது. ஒன்றும் இல்லை. திரும்பி பாயைப் பார்த்தேன். அவரும் முகத்தைத் தூக்கி இரண்டு முறை இழுத்தார்.

"எனக்கும் ஒண்ணும் வர்லபா."

"பாத்தியா? ரெண்டு பேர் பாத்தாச்சு. பாஸ்."

அது எங்கள் லைன் வழக்கம். சோல் சரியாக ஒட்டியிருக்கிறதா இல்லையா என்று ஒரு ஷூமேல் சந்தேகம் வந்தால், இன்னொருத்தரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். இரண்டு பேரும் சரி என்றால் அது பாஸ், அப்புறம் பேச்சில்லை. பதினெட்டு வருஷமாக நானும் பாயும் அப்படி எத்தனை ஷூவைத் தள்ளிவிட்டிருப்போம். ஒரே மேஜையில், ஒரே டப்பாப் பசையை மோந்த இரண்டு மூக்கு என்பது எனக்கு உறைக்கவில்லை. நாலு பேர் சொன்னாலும் அது ஒரு ஆள் சொன்ன மாதிரிதான்.

பாப்பா நகரவில்லை. பாறையிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தம்மா எறங்காதன்னு சொன்னாங்க இல்ல?"

"கீழ யாராச்சும் அடுப்பு மூட்டியிருப்பாங்கடி. பஸ்ஸ வுட்டா பேஜாராப் போய்டும். எழுந்திரு."

"நான் வரல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பாய் எதிரில் மகள் எதிர்த்துப் பேசுகிறாளே என்ற கோபம். "கால் வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு. சும்மா பொய் சொல்லாத" என்றேன்.

பாப்பா, அந்த வார்த்தையை நீ மறந்திருக்க மாட்டாய். நான் மறக்கவில்லை. உன் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. அழுதுகொண்டேதான் சொன்னாய்.

"நேத்து ராத்திரி கிடா நாத்தமே உங்க ரெண்டு பேருக்கும் தெரியல. இது மட்டும் எப்படித் தெரியும்?"

நான் சிரித்தேன். சிரிப்பு வெளியே வந்தது, அவ்வளவுதான். பாய் சிரிக்கவில்லை. மூக்கைத் தடவிக்கொண்டார். அவர் மனதில் என்ன ஓடியது என்று பிறகு கேட்டேன். ஒரு வருஷமாக வீட்டில் பிரியாணி தம் உடைக்கும்போது வாசமே வரவில்லை, மருமகளுக்குப் பக்குவம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

அப்போது அவர் சண்டையை முடிக்கத்தான் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் இங்கயே இருங்க. நான் அந்த வளைவு வரிக்கும் போய்ப் பாத்துட்டு வர்றேன். ஒரு விசில் ஊதினா எறங்கி வாங்க. ரெண்டு விசில்னா வராதீங்க. சரியா பாப்பா?" பாப்பாவிடம் விசிலை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கினார். புல் அவர் தலைக்குமேல் மூடிக்கொண்டது.

ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். நான் பாப்பாவைப் பார்க்காமல் வாட்ச்சைப் பார்த்தேன். ஐந்து நிமிஷம் ஆனது. விசில் வரவில்லை. கீழே எங்கோ தகரக் கொட்டகைமேல் மழை விழுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வானத்தில் மேகமே இல்லை. ஒரு முயல் புல்லிலிருந்து பாய்ந்து என் காலை ஒட்டிப் பாறைமேல் ஓடியது, மனுஷன் நிற்கிறான் என்ற பயமே அதற்கு இல்லை. அப்புறம்தான் வளைவுக்குப் பின்னாலிருந்து புகை எழுந்தது. மஞ்சளும் சாம்பலுமாக, சுருண்டு சுருண்டு, ஓடையைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கமாக ஏறியது.

விசில் வந்தது. ஒன்று, இரண்டு இல்லை. நிறுத்தாமல் ஊதினார்.

நான் கீழே பாய்ந்தேன். நாலு அடி வைத்திருப்பேன். பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள் பாப்பா. காலர் கழுத்தை இறுக்கியது.

"நீயும் போய்ட்டா நான் மட்டும் இங்க இன்னா பண்ணுவேன்?"

கீழே பாய், அவர் வீட்டில் மூன்று பிள்ளைகள். இங்கே நீ. அவரை அங்கே அனுப்பியது என் வீம்பு. ஒரு காலைப் பாறையிலும் ஒரு காலைப் புல்லிலும் வைத்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நிமிஷம் வேறு கிடையாது. பிறகு காலை எடுத்துப் பாறைமேலேயே வைத்தேன். "பாய்! மேல வா பாய்! இந்தப் பக்கம்!" என்று கத்தினேன். புகையில் அவருக்குப் பாறை தெரியாது. விசில் சத்தம் இடது பக்கமாக விலகிப் போவது எனக்குக் கேட்டது. எவ்வளவு கத்தினாலும் தீயின் சத்தம் என் குரலை விழுங்கியது.

பாப்பாதான் பையைத் திறந்து புளிச்சோற்று டப்பாவை எடுத்தாள். சோற்றைக் கொட்டிவிட்டு, எவர்சில்வர் மூடியைக் கல்லால் அடிக்க ஆரம்பித்தாள். டங், டங், டங். கோயில் மணி மாதிரி மலை முழுக்கக் கேட்டது. நான் கத்துவதை நிறுத்திவிட்டு, பாறை வெடிப்பில் காய்ந்து நின்ற புல்லையெல்லாம் பிடுங்கித் தூர எறிந்தேன். கையெல்லாம் அறுத்தது.

விசில் நின்றுவிட்டது. பாப்பா அடிப்பதை நிறுத்தவில்லை. நான் என்னென்ன சாமியை வேண்டினேன் என்று எனக்கே தெரியாது. பிறகு புல் அசைந்தது. பாய் நாலு காலில் ஏறி வந்தார். பை இல்லை, ஒரு செருப்பு இல்லை, புருவம் பொசுங்கிச் சுருண்டிருந்தது. கையைப் பிடித்துத் தூக்கிப் பாறையின் நடுவுக்கு இழுத்துப் போனோம். மிச்சமிருந்த தண்ணீரைத் துண்டில் கொட்டி முகத்தை மூடிக்கொண்டு மூன்று பேரும் குப்புறப் படுத்தோம்.

தீ இரண்டாகப் பிரிந்து பாறையின் இரண்டு பக்கமும் ஏறியது. சூட்டில் முதுகுத் தோல் இழுத்தது. பாப்பா என் கையைப் பிடித்திருந்தாள். பிடி வலித்தது. வலிக்கிற வரைக்கும் அவள் இருக்கிறாள் என்று படுத்திருந்தேன். கால் மணி நேரம் இருக்கும். சத்தம் எங்களைத் தாண்டி மேலே போனது. தலையைத் தூக்கினால் நாங்கள் நின்ற பாதை, ஓடை, வளைவு எல்லாம் கரி.

நான் சொன்ன பேச்சுக்கு பாப்பா எழுந்து நடந்திருந்தால் நாங்கள் மூன்று பேரும் அந்த ஓடைக்குள் இருந்திருப்போம்.

பாய் எழுந்து உட்கார்ந்து இருமினார். இருமி முடித்ததும் முதலில் சொன்னது இதுதான்: "யப்பா, உன் பொண்ணு மூக்குக்கு இன்ஷூரன்ஸ் போடுபா."

பாப்பா சிரித்துவிட்டு மறுபடியும் அழுதாள்.

தரை ஆறும்வரை காத்திருந்து, எரிந்து முடிந்த கரிமேலேயே நடந்து இறங்கினோம். என் ஷூவை பாய்க்குக் கொடுத்துவிட்டு நான் துண்டைக் கிழித்துக் காலில் சுற்றிக்கொண்டேன். ரோட்டோர டீக்கடையில் ஜனங்கள் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள். எங்கள் கோலத்தைப் பார்த்துச் சூழ்ந்துகொண்டார்கள். எப்படிப் பொழச்சீங்க என்று கடைக்காரர் கேட்டார்.

"சமயத்துல எல்லாரையும் பாறை மேல ஏத்திட்டேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. பாப்பா என்னை நிமிர்ந்து பார்த்தாள். பாய் டீயில் இல்லாத சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன், நான் அவமானப்பட வேண்டாம் என்று பேசாமல் இருந்தார். இரண்டு பேரும் மறுக்காததால் அதுவே கதையாகிவிட்டது. கட்டுரையாகவும் ஆகிவிட்டது. தம்பி, டீச்சரிடம் போய் மாற்றி எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உனக்குத் தெரிந்தால் போதும். காப்பாற்றியது உன் அக்கா. பொய் சொல்கிறாய் என்று அவளைத் திட்டியவன் நான். பாப்பா, அதற்கு உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

அன்றைக்கு வீட்டு வாசலில் கால் வைத்ததுமே உங்கள் அம்மா கத்தினாள். "இன்னாய்யா இது, ஒரே பொகை நாத்தம்! எங்க போய்ப் பொரண்டீங்க? துணியக் கழட்டி வெளிய போடு மொதல்ல!" பாப்பா அவளைக் கட்டிக்கொண்டு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். அம்மா உங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு, அக்காவுக்குத் தலைக்கு ஊற்ற வேண்டும் என்று பின்பக்கம் போய்விட்டாள்.

நான் சட்டையைக் கழற்றி முகத்தில் அழுத்திக்கொண்டேன். மூச்சு முட்டுகிறவரை இழுத்தேன். வெறும் துணி. அவ்வளவுதான்.

அப்போதுதான் எனக்கு அது நினைவு வந்தது. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் நாட்களில் விடியுமுன்னே எழுந்து, ஜன்னலைத் திறக்காமல், நீங்கள் மூன்று பேரும் தூங்கிக்கொண்டிருக்கும்போது கேஸ் அடுப்பைப் பற்றவைத்து டீ போடுகிறவன் நான். வெறும் பனியனோடு சமையலறைக்குப் போனேன். அடுப்பின் திருகு இரண்டும் மூடித்தான் இருந்தன. மூடியிருப்பதைக் கண் சொன்னது, கேஸ் கசிந்தால் சொல்ல எனக்கு மூக்கு இல்லை. மேடைக்கு அடியில் குனிந்து, சிலிண்டர்மேல் இருந்த ரெகுலேட்டரைத் திருகி மூடினேன். ஜன்னலை இரண்டு கதவும் திறந்துவிட்டேன். பிறகு மறுபடியும் குனிந்து, மூடியிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்தேன்.